பில் கவுண்டர் முன் எழும் கோபம்: குடும்பங்களும் மருத்துவர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்

மே மாதத்தின் ஒரு மாலை. மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள்களும் காசிமேட்டின் விசைப்படகுகள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கும். படகில் போகிறவருக்கு மட்டுமன்று, ஐஸ் உடைப்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் அப்போது வருமானம் குறைந்துவிடும். அத்தகைய குடும்பம் ஒன்றின் பெரியவர், ஐம்பத்தெட்டு வயதுக்காரர், கடும் நிமோனியாவுடன் எங்களிடம் சேர்க்கப்பட்டிருந்தார். பதினோராம் நாள் அவர் நலம்பெற்று வீடு திரும்பத் தயாரானார். எங்கள் பிரிவில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த அரைமணி நேரத்தில் தரைத்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரியவரின் மருமகன் பில் கவுண்டரின் கண்ணாடித் தடுப்பை ஓங்கி அடித்துவிட்டார். கண்ணாடி உடையவில்லை, அவருடைய கைதான் வீங்கியிருந்தது. உள்ளே இருந்த இளம்பெண் அழுதுகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்த அவர், அடுத்த இரண்டு நாள்கள் பணிக்கு வரவில்லை.

"மூணு நாளு, நாப்பத்தஞ்சாயிரம்னு சொன்னீங்க டாக்டர். இப்ப ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம்னா நான் எங்க போவேன்? இத முன்னாடியே ஒருத்தராவது சொன்னீங்களா?" என்றார் மருமகன்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அதைத் தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இந்த இதழில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். குடும்பத்தினரின் ஒப்புதலுடனேயே இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

அன்று பில்லில் கண்டவை

மருமகனை ஒரு தனி அறைக்கு அழைத்துச் சென்று, நாற்காலியில் அமர்த்தி, கைக்கு ஐஸ் வைத்துக் கட்டினோம். பிறகு விரிவான பில்லை வரவழைத்து வரிவரியாக அவருடன் சேர்ந்து படித்தோம். இதற்கு நாற்பது நிமிடங்கள் ஆயின.

மூன்று பிழைகள் கிடைத்தன. படுக்கையிலேயே ஆறு முறை எடுத்த மார்பு எக்ஸ்ரே, ஏழு முறை எடுத்ததாகப் பதிவாகியிருந்தது. அதில் 900 ரூபாய். பயன்படுத்தாமல் மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பிய ஊசி மருந்துகள் கழிக்கப்படாமல் இருந்தன; அவற்றின் மதிப்பு 5,100 ரூபாய். வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய நாளில் இரண்டு இடங்களுக்கும் வாடகை போடப்பட்டிருந்தது. அதில் 2,800 ரூபாய். ஆக மொத்தம் 8,800 ரூபாய். உடனே நீக்கினோம், மன்னிப்பும் கேட்டோம்.

எஞ்சிய 1,65,200 ரூபாயும் உண்மையாகவே செலவான தொகைதான். முதல் நாள் நாங்கள் சொன்ன மதிப்பீடு, வார்டில் மூன்று நாள் தங்குவதற்கானது. இரண்டாம் நாள் நள்ளிரவில் பெரியவரின் ஆக்சிஜன் அளவு இறங்கியது. நான்கு நாள்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்க வேண்டியிருந்தது. அதற்கான ஒப்புதல் படிவத்தில், அதிகாலை இரண்டு மணிக்கு, உடனிருந்த இளைய மகன் கையெழுத்திட்டார். நோயின் ஆபத்தை அவரிடம் விளக்கினோம். செலவு எவ்வளவு கூடும் என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தந்தையின் மூச்சு திணறும் வேளையில் எந்த மகன் அதைக் கேட்பான்? பணம் புரட்டும் பொறுப்பில் இருந்த மருமகனுக்கோ, முதல் நாள் மதிப்பீட்டுக்குப் பிறகு ஒருவரும் எதையும் தெரிவிக்கவில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. இந்தச் சிகிச்சை அத்திட்டத்தில் அடங்குமா, அடங்காதா என்று முதல் நாளே பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. அதற்குள் மனைவியின் நகையை அடகு வைத்து 60,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார்.

மருமகனைக் கோபப்படுத்தியது பிழையான 8,800 ரூபாய் அன்று. அதை அவர் அறியவே இல்லை. தொகையின் பெரும்பகுதி நியாயமானது என்பதையும், வரிவரியாகப் படித்தபின் அவரே ஏற்றுக்கொண்டார். ஒன்பது நாள்கள் தம்மை இருட்டில் வைத்துவிட்டு, பத்தாவது நாளில் வெளிச்சம் போட்டுக் காட்டியதைத்தான் அவரால் தாங்க இயலவில்லை.

கோபத்தின் வேர் எது?

நம் வடசென்னைக்கு மருத்துவம் பற்றி ஒரு தனி நினைவு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை வேராகக் கொண்டு வளர்ந்ததே இன்றைய அரசு ஸ்டான்லி மருத்துவமனை. அதனால்தான் மூத்தவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றழைத்தனர். வியாசர்பாடியில் மருத்துவர் திருவேங்கடம் வீரராகவன் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தார். 2020ஆம் ஆண்டு மறைந்தார். வண்ணாரப்பேட்டையில் மருத்துவர் ஜெயச்சந்திரன் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்று பெயர்பெற்றார். 2018ஆம் ஆண்டு மறைந்தார். இத்தகைய மண்ணில் வாழ்பவருக்கு, லட்சத்தைத் தாண்டிய பில் ஒன்றைக் கையில் வாங்கும்போது ஏதோ ஓர் உடன்பாடு முறிந்துவிட்டதாகவே தோன்றும். அந்த உணர்வை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை.

வருமானத்தின் தன்மையும் ஒரு காரணம். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை செய்பவருக்கும், கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் தினக்கூலிக்கும் நோய் இரட்டைச் செலவாகிறது. நோயாளியின் கூலி நின்றுபோகிறது. துணைக்கு இருப்பவரின் கூலியும் நின்றுபோகிறது. பில் கவுண்டரை அடையும்போது அவர் ஏற்கெனவே பல நாள் வருமானத்தை இழந்தவர். பத்து இரவு நடைபாதை நாற்காலியில் உறங்கியவர்.

ஆனால் பணம் மட்டுமே காரணம் என்று கொள்வதும் தவறு. 2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிலிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். கைது செய்யப்பட்டவர், அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். மருத்துவர் உயிர் பிழைத்தார். அது அரசு மருத்துவமனை. பில் கவுண்டரில் லட்சங்களைக் கேட்கும் இடமன்று. தாய்க்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்ற மனக்குறையே அங்கு பேசப்பட்டது. அச்சமும், நமக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்ற எண்ணமும் சேரும் இடத்தில் கோபம் பிறக்கிறது. பில் அது வெடிக்கும் இடமாக அமைந்துவிடுகிறது; அவ்வளவே.

இதில் மருத்துவர்களாகிய எங்கள் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் தொழில்நெறி விதிமுறைகள், கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே அறிவிக்க வேண்டும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது அன்று என்று கூறுகின்றன. நாங்களோ, "பணத்தைப் பற்றி அலுவலகத்தில் கேளுங்கள்" என்று சொல்லி நகர்ந்துவிடப் பழகிவிட்டோம். பணம் பேசுவது மருத்துவருக்கு அழகன்று என்று எண்ணினோம். விளைவு, நோயைப் பற்றி அறிந்தவர் செலவைப் பேசுவதில்லை. செலவைப் பேசுகிறவர் நோயை அறிவதில்லை. இடையில் நிற்பது குடும்பம்.

பில் எவ்வாறு உருவாகிறது?

மருத்துவமனை பில் இரு வகைப்படும். முதலாவது, ஓர் அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என முன்கூட்டியே வரையறுக்கும் மொத்தத் தொகை. இதைப் 'பேக்கேஜ்' என்பர். பிரசவம், குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்கு இது பொருந்தும். எவை உள்ளடக்கம், எவை தனி, எத்தனை நாள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் பெறுங்கள். இரண்டாவது, நாள்தோறும் ஆகும் செலவைக் கூட்டிக்கொண்டே போகும் பில். நிமோனியா, பக்கவாதம், கடும் நோய்த்தொற்று போன்றவற்றுக்கு இந்த முறையே உண்டு. நோய் எப்போது தணியும் என்று முன்னதாகச் சொல்ல இயலாது என்பதே காரணம்.

இரண்டாம் வகை பில்லில் பொதுவாக ஆறு பகுதிகள் இருக்கும்: அறை அல்லது படுக்கை வாடகை; மருத்துவர் பார்வைக் கட்டணம்; செவிலியர் பணி; ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முதலியவை; மருந்துகள்; கையுறை, குழாய், ஊசி போன்ற ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறும்போது இந்த ஆறுமே ஒருங்கே உயர்கின்றன. சில நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கில் இரவும் பகலும் கண்காணிப்பு, ஒரு நாளில் பலமுறை ரத்தப் பரிசோதனை, விலையுயர்ந்த நோய்நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் ஆகியவை அங்கே தேவைப்படுகின்றன. ஆகவே வார்டின் மூன்று நாள் மதிப்பீட்டைக் கொண்டு தீவிர சிகிச்சையின் ஒரு நாளைக்கூடக் கணிக்க இயலாது. இடம் மாறினால் மதிப்பீடும் மாறுகிறது. புதிய மதிப்பீட்டை அன்றே கேட்பது உங்கள் உரிமை.

பில்லைப் பெற்றதும் பின்வரும் ஐந்தையும் சரிபாருங்கள்.

1. இடம் மாறிய நாளில் இரண்டு வாடகை போடப்பட்டுள்ளதா?
2. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் எண்ணிக்கை, உங்கள் கையிலுள்ள அறிக்கைகளின் எண்ணிக்கையுடன் பொருந்துகிறதா?
3. திருப்பிக் கொடுத்த மருந்துகள் கழிக்கப்பட்டுள்ளனவா?
4. மருந்தின் விலை, உறையில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையை மீறாமல் இருக்கிறதா? மீறி வாங்க எவருக்கும் அனுமதி இல்லை.
5. கட்டிய முன்பணம் முழுவதும் வரவு வைக்கப்பட்டுள்ளதா? ரசீதுகளை ஒரே உறையில் சேர்த்து வைத்திருந்தால் இது எளிது.

இதய நோயாளிகளின் குடும்பத்துக்கு ஒரு கூடுதல் செய்தி. ரத்தக்குழாயில் பொருத்தும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரி முதல் மைய அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் உச்ச விலை விதித்துள்ளது. ஸ்டென்ட்டின் விலையும் நிறுவனப் பெயரும் பில்லில் தனியே காட்டப்பட வேண்டும்.

காப்பீடு இருந்தும் கட்ட வேண்டியிருப்பது ஏன்?

எங்கள் கவுண்டரில் அடிக்கடி எழும் இன்னொரு வாக்குவாதம் இது: "மூன்று லட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது; பில் ஒன்றே கால் லட்சம்தான்; பிறகு ஏன் நாங்கள் கட்ட வேண்டும்?" இதை ஒரு கணக்கால் விளக்குகிறோம்.

மூன்று லட்சம் ரூபாய்க் காப்பீடு. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் உச்சவரம்பு என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் 6,000 ரூபாய் அறையைத் தேர்ந்தெடுத்து ஐந்து நாள் தங்குகிறது. அறை வாடகை 30,000. மருத்துவர், செவிலியர், அறுவை அரங்குக் கட்டணங்கள் 60,000. மருந்தும் பரிசோதனையும் 40,000. மொத்தம் 1,30,000 ரூபாய்.

வாடகையில் கூடுதலான 15,000 மட்டும் நம் கையிலிருந்து போகும் என்று குடும்பம் எண்ணும். ஆனால் பல பாலிசிகளில் 'விகிதாசாரக் கழிவு' என்ற விதி உண்டு. அறை வாடகை வரம்பைப்போல் இரு மடங்கானதால், மருத்துவர், செவிலியர், அரங்குக் கட்டணங்களிலும் பாதியே ஏற்கப்படும். ஆகக் காப்பீட்டு நிறுவனம் தருவது வாடகையில் 15,000, கட்டணங்களில் 30,000, மருந்து பரிசோதனையில் 40,000, மொத்தம் 85,000. குடும்பம் கட்ட வேண்டியது 45,000. இதற்கு மேல், கையுறை, முகக்கவசம் போன்ற, பாலிசி ஏற்காத பொருள்களின் விலையும் சேரும்.

இங்கே இரு விதிகளை நினைவில் கொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி மருந்து, உள்பொருத்திகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதாசாரக் கழிவு கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் கூடாது. கழித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் நாளின் காத்திருப்பும் கோபத்துக்கு ஒரு காரணம். ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முதல் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும். அதற்கு மேல் தாமதித்து, அதனால் மருத்துவமனைச் செலவு கூடினால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் பெண்ணால் அந்த அனுமதியை விரைவுபடுத்த முடியாது. உங்கள் பாலிசி எண்ணுடன் நிறுவனத்தின் உதவி எண்ணை நீங்கள் அழைத்தால் விரைவுபட வாய்ப்பு உண்டு. கோரிக்கையை நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

முதல் நாளே பார்க்க வேண்டிய மூன்று வழிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் அடங்கிய சிகிச்சைகளுக்குப் பொருந்தும். சிகிச்சைக்கு முன் அனுமதி பெறுவதே இதன் நடைமுறை. டிஸ்சார்ஜ் நாளில் அட்டையைக் காட்டினால் பயன் இராது. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஐயங்களுக்கு இலவச எண் 1800 425 3993. உடல்நலமாக இருக்கும்போதே இதைச் செய்துவைப்பது நன்று.

இ.எஸ்.ஐ.: பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு இது உண்டு. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டு. ஊதியச் சீட்டில் 0.75 விழுக்காடு பிடித்தம் இருந்தால் நீங்களும் குடும்பத்தினரும் காப்பீடு பெற்றவர்கள். இ.எஸ்.ஐ. மருந்தகம் அல்லது அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாக வந்தால்தான் பிற மருத்துவமனைகளின் செலவையும் அது ஏற்கும். நேராகத் தனியார் மருத்துவமனைக்குச் சென்று பின்னர் தொகையைக் கேட்பது கடினம்.

இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48: 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்தில், பட்டியலிட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில், வரையறுத்த சிகிச்சைகள் இலவசம். காப்பீட்டு அட்டையோ வருமான வரம்போ தேவையில்லை. இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் நாம் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

கோபம் வந்துவிட்டால்

கோபம் வருவது குற்றமன்று. அதைக் கையாளும் முறையில் இரு தரப்புக்கும் கடமை உண்டு.

எங்கள் பணியாளர்களுக்கு நாங்கள் இப்போது கற்பிப்பது இது. கோபத்துடன் வருபவரைக் கூட்டத்தின் முன் நிற்க வைத்துப் பேசாதீர்கள், தனியே அமர்த்துங்கள். அவர் முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். "ரூல்ஸ் அப்படித்தான்" என்ற சொல் வேண்டாம். "கட்ட முடியாதவர் ஏன் இங்கே வந்தீர்கள்" என்பது போன்ற பேச்சை ஒருபோதும் எடுக்காதீர்கள். கண்ணாடியை உடைக்கும் கையை அந்தச் சொல்தான் உயர்த்துகிறது. உங்களுக்கு விடை தெரியாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள். பிழை இருந்தால் அதே இடத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இது. கவுண்டரில் இருப்பவர் தொகையை முடிவு செய்பவர் அல்லர். கணினி காட்டுவதை அச்சிட்டுத் தருபவர். எதிர்ப்பை அவரிடம் காட்டினால் தீர்வு வராது. "விரிவான பில் வேண்டும், அதை விளக்கும் அதிகாரியைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். குடும்பத்திலிருந்து ஒருவரோ இருவரோ பேசுங்கள். ஐயமுள்ள வரிகளைப் பேனாவால் குறித்து எடுத்துவாருங்கள். கட்ட இயலாத நிலை என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். தவணை, கட்டணக் குறைப்பு, அரசு மருத்துவமனைக்கு மாற்றுதல் என வழிகள் உண்டு. சிகிச்சையின் நடுவில் ஸ்டான்லிக்கு மாற்றிக்கொள்ள விரும்பினாலும் எங்களிடம் கூறுங்கள். அதை அவமதிப்பாகக் கருத மாட்டோம். நோயாளியின் உடல்நிலை இடங்கொடுத்தால் ஆவணங்களுடன் முறையாக அனுப்பிவைப்போம்.

கை ஓங்குவது மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவதையும் மருத்துவமனைப் பொருளைச் சேதப்படுத்துவதையும் தடுக்க 2008இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும் உண்டு. ஒரு நிமிடக் கோபத்தால், சம்பாதிக்கும் ஒரே ஆள் சிறைக்குப் போனால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? அதே நேரத்தில், அவசரப் பிரிவில் மார்பு வலியுடன் காத்திருக்கும் வேறொருவரின் மருத்துவரும் செவிலியரும் கலவரத்தை அடக்க ஓடிவருவார்கள். அந்த நோயாளியும் உங்கள் தெருக்காரராகவே இருக்கக்கூடும்.

அறிந்திருக்க வேண்டிய உரிமைகள்

ஒன்று, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே மற்றவை. 1989ஆம் ஆண்டு பரமானந்த கட்டாரா வழக்கில், உயிரைக் காக்கும் கடமை அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என எல்லோருக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டு, மருத்துவ ஆவணங்களின் நகலை நீங்கள் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது தொழில்நெறி விதி.

மூன்று, தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கி 2018இல் மைய நல்வாழ்வு அமைச்சகம் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனம், கட்டண விவரத்தை வெளிப்படையாக அறியும் உரிமையையும் விரிவான பில் பெறும் உரிமையையும் கூறுகிறது. கட்டணத் தகராறைக் காட்டி நோயாளியையோ இறந்தவரின் உடலையோ தடுத்து வைக்கக் கூடாது என்றும் கூறுகிறது. நோயாளிகளின் கடமைகளையும் அதே சாசனம் பட்டியலிடுகிறது. வன்முறையில் இறங்காமை அவற்றுள் ஒன்று.

நான்கு, எங்களிடம் பேசியும் நியாயம் கிடைக்கவில்லை என்று நீங்கள் கருதினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை உச்ச நீதிமன்றம் 1995லேயே உறுதிசெய்துள்ளது. எங்கள் மீது புகார் கொடுக்கும் வழியை நாங்களே ஏன் சொல்கிறோம் என்று நீங்கள் வியக்கலாம். வழி இருக்கிறது என்று அறிந்தவர் கண்ணாடியை அடிப்பதில்லை.

எங்கள் பிரிவில் மாறியவை

அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் நான்கு மாற்றங்களைச் செய்தோம். சேரும் வேளையிலேயே காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று கேட்டுப் படிவத்தில் பதிகிறோம். செலவு பற்றிப் பேச வேண்டியவர் யார் என்பதைக் குடும்பமே ஒருவரைக் குறித்துத் தருகிறது. அவருடைய கைப்பேசி எண் கோப்பின் முகப்பில் இருக்கும். நாள்தோறும் மாலையில், அன்று வரையிலான தொகை அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினால், எந்நேரமானாலும் புதிய மதிப்பீட்டை மருத்துவரே அவரிடம் கூறுகிறார். உயிர்காக்கும் சிகிச்சை அந்தப் பேச்சுக்காகக் காத்திருப்பதில்லை. சிகிச்சை தொடங்கியபின் பேச்சு நடக்கும்.

இவற்றால் பில் தொகை குறைந்துவிடவில்லை. கோபமும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் பத்தாம் நாள் வெடித்திருக்க வேண்டிய பேச்சு மூன்றாம் நாளே அமைதியாக நடக்கிறது. "இதற்கு மேல் எங்களால் இயலாது, டாக்டர்" என்று நேரத்தோடு சொல்லும் குடும்பத்துக்கு நாங்கள் வேறு வழி தேட முடிகிறது.

படுக்கையருகே வைத்துக்கொள்ள ஐந்து கேள்விகளைத் தருகிறோம். தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.

1. இந்தச் சிகிச்சைக்கு ஏறத்தாழ எவ்வளவு ஆகும்? எத்தனை நாள் கணக்கு அது?
2. எது நேர்ந்தால் இத்தொகை கூடும்?
3. எங்கள் அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா? யாரிடம் கேட்க வேண்டும்?
4. இன்று வரை எவ்வளவு ஆகியுள்ளது?
5. எங்களால் இயலாமல் போனால் வேறு என்ன வழி?

அந்தப் பெரியவர் ஜூன் மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். நுரையீரல் தெளிவாக இருந்தது. மீதித் தொகையைத் தவணைகளில் கட்ட ஒப்புக்கொண்டிருந்த மருமகனும் உடன் வந்திருந்தார். பரிசோதனை முடிந்ததும் அவர் நேராகப் பில் கவுண்டருக்குச் சென்றார். உள்ளே இருந்த பெண் சற்றே பின்வாங்கினார். "அன்னிக்கு உன்மேல கோவம் இல்லம்மா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி, அந்த மாதத் தவணையை நீட்டினார். ரசீதை வாங்கியதும், மடித்து வைக்காமல், அங்கேயே நின்று ஒரு முறை முழுவதுமாகப் படித்துப் பார்த்தார். சரியாக இருந்தது.